மாட்டுப் பெட்டியில் இரண்டு படுக்கைகள்

எங்கள் வீட்டு முன்னறையில் வாப்பாவுக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது. மூத்தாப்பா காலத்து முதிரைக் கட்டில். பெரும்போக வேளாண்மை குடலையாகிக் கதிர் தள்ளத் தொடங்கியதும் அந்தக் கட்டில் காலியாகிவிடும். வேளாண்மை வெட்டி, நெல் வீடு வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் வாப்பா வயலில்தான் இரவு தங்குவார். பகலில் வந்து குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். பின்னேரமானால் மோட்டார் சைக்கிளில் திரும்பப் போய்விடுவார். "சாப்பிட்டயளா?" என்று உம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் போனில் கேட்பா. "எங்க படுத்தீங்க?" என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் வயல் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, காட்டோரம் இருக்கிறது. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைசியாக வந்து சேரும் கண்டங்களில் அதுவும் ஒன்று. அதற்கப்பால் காடு. காட்டுக்குள் யானை. அதனால்தான் இரவுக் காவல்.

சென்ற வருடம் பெரும்போகத்தில், பக்கத்துக் கண்டத்தில் காவலுக்கு வந்த ஒருவரை எட்டடி விரியன் கடித்துவிட்டது. வாடிக்குள் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் அவர். கடித்தது அவருக்கே தெரியவில்லை. விடியுமுன் வயிறு வலிக்கிறதென்று எழும்பியிருக்கிறார். கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறியிருக்கிறது. வாப்பாவும் எங்கள் முல்லைக்கார மாமாவும் அவரை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றி, நான்கு நாள் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவர் நடமாடுகிறார்.

அந்த வைத்தியர் வாப்பாவிடம் சொன்னாராம், இந்தப் பாம்பு கடித்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரவில் நிலத்தில் படுத்துறங்கியவர்கள்தான் என்று. கடி வலிக்காது. தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். நிலத்தைவிட்டு உயர்ந்த படுக்கையும், சுற்றிச் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் பெரும்பகுதி தப்பலாம். வாப்பா இதை ஊர்ப் புதினம் போலச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். உம்மாவின் கை பீங்கானில் அப்படியே நின்றது.

"நீங்க எங்க படுக்கிற?" என்று அன்றைக்குத்தான் உம்மா முதன்முதலாகக் கேட்டா.

"எல்லாரும் படுக்கிற மாதிரித்தான்," என்றார் வாப்பா.

எல்லாரும் எப்படிப் படுக்கிறார்கள் என்பதை வேளாண்மை வெட்டிய அன்று நான் கண்டேன். வெட்டு மெஷின் வந்த நாள், உம்மாவும் நானும் சோறு கொண்டு போயிருந்தோம். வாடி என்பது நாலு கம்பும் கிடுகும்தான். நிலத்தில் இரண்டு உரப் பைகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து விரித்திருந்தது. தலைமாட்டில் சுருட்டிய பழைய சேட்டு. அதற்கு எதிரே அதேபோல இன்னொரு உரப் பை. மேலே, கிடுகு வரிச்சில் ஆணி அடித்து, பொலித்தீனில் சுற்றிக் கட்டி வாப்பாவின் முஸல்லாவைத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு சேற்றுப் புள்ளிகூட இல்லை. தொழுகைக்கான விரிப்பை அப்படிக் காத்த மனிதர் தான் உரப் பையில் உறங்கியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உம்மாவும் நானும் ஒன்றும் கதைக்கவில்லை.

அதே கிழமைதான் காக்கா கட்டாரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார்.

காக்கா 2022இல் போனவர். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, அந்தப் பெரும்போகம் எங்கள் வயலில் பாதிகூட விளையவில்லை. கடனை அடைக்க வாப்பா மூத்தாப்பாவின் பட்டியில் மிஞ்சியிருந்த ஏழு மாடுகளையும் விற்றார். அதுவும் போதாமல் காக்கா விமானம் ஏறினார். இப்போது அங்கே ஒரு குதிரை லாயத்தில் வேலை. குளிர்காலத்தில் அந்த நாட்டவர்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். முதலாளியின் குதிரைகளும் போகும், குதிரைகளோடு காக்காவும் போவார். போன வருடம்வரை லொறியின் முன்சீற்றில் முடங்கிப் படுத்தாராம். இந்த முறை, கைவிட்டுக் கிடந்த பழைய குதிரை ட்ரெயிலர் ஒன்றை அவரும் நேபாளத்துக் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து படுக்குமிடமாக மாற்றியிருந்தார்கள். அதைத்தான் வீடியோவில் காட்டினார்.

இரண்டு குதிரை நிற்கும் பெட்டி அது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தடுப்பைக் கழற்றியிருந்தார்கள். தரையின் றப்பர் விரிப்பைத் தூக்கி, அதன் கீழே மூத்திரம் ஊறி உக்கிப்போன பலகைகளை மாற்றியிருந்தார்கள். குதிரைக்குக் காற்று வர வைத்திருந்த மேல் துவாரங்களை அப்படியே விட்டிருந்தார்கள். பின்பக்கச் சாய்கதவை இறக்கினால் அதுவே திண்ணை. உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஒரு கொக்கி, ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

"குதிர நிண்டபடியே உறங்கும், தங்கச்சி," என்றார் காக்கா. "அதுக்குக் கால் பூட்டிக்கொள்ளும். மனிசனுக்கு அப்பிடிப் பூட்டு இல்ல. நீட்டி நிமிர்ந்து படுத்தாத்தான் அடுத்த நாள் வேல."

போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலால் பார்த்தேன். எங்கள் வளவு மூலையில், முருங்கை மரத்தடியில், மூத்தாப்பாவின் மாட்டுப் பெட்டி கறள் பிடித்துக் கிடந்தது. பட்டி மாடுகளை மேய்ச்சல் தரைக்கு ஏற்றி இறக்கிய உழவு இயந்திரப் பெட்டி. மாடு விற்றபிறகு அதை யாரும் தொடவில்லை.

உயர்தரத்தில் நான் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தப் பாடம்?" என்று சொந்தத்துக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. அன்று பின்னேரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினேன். நீளம் பத்தடி. அகலம் ஆறடி. சுற்றியுள்ள இரும்புப் பலகையின் உயரம் இரண்டடி. பாடசாலையில் படித்த வரைபடம் எனக்கு முதன்முதலாக ஒரு ஆளுக்காகத் தேவைப்பட்டது.

இரண்டு நாள் இருந்து வரைந்தேன். ஒரு பக்கம் அகலமான கட்டில், மற்றப் பக்கம் அலுமாரி, மடிக்கும் மேசை, ஆறரையடி உயரக் கூரை. சிவப்புப் பேனையால் அளவெல்லாம் எழுதி வாப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாமா எங்க படுக்கிற?"

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த வாடியில் நான் கண்ட இரண்டாவது உரப் பை முல்லைக்கார மாமாவுடையது. பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவர். நான் பிறக்க முன்பிருந்தே வாப்பாவோடு சேர்ந்து எங்கள் வயலைச் செய்பவர். எனக்கு முதன்முதலில் நாவற்பழம் பொறுக்கித் தந்தவர். இரண்டு பைகளையும் கண்ணால் கண்டுவிட்டு, ஒரு கட்டில் மட்டும் வரைந்து கொண்டு வந்திருந்தேன்.

அதற்கு மேல் வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. "வேணாம்" என்றும் சொல்லவில்லை, "சரி" என்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அறைக்குள் போய் அலுமாரியையும் மேசையையும் அழித்தேன். ஆறரையடி நீளம், இரண்டேகாலடி அகலத்தில் இரு பக்கமும் இரண்டு படுக்கை. நடுவில் ஒன்றரையடி நடைபாதை. கூட்டிப் பார்த்தால் சரியாக ஆறடி. முன்பக்கம் மிஞ்சிய மூன்றரையடியில் தண்ணீர்க் கலனும் மண்வெட்டியும் வைக்கலாம். இரண்டு பேருக்கு இடம் இல்லாதிருந்தது பெட்டியில் அல்ல.

புதுப் படத்துக்கும் வாப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. காசுதான் காரணம் என்று நினைத்தேன். ஊரவர் சிரிப்பார்கள் என்று வெட்கப்படுகிறாரோ என்றும் நினைத்தேன். சிறுபோக வெட்டு முடிந்து ஒருநாள், "கழுவிப் பாருங்க. கழுவுறதுக்குக் காசா?" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரண்டு நாள் கழுவினோம். ஆட்டு, மாட்டு மூத்திரமும் சாணமும் நஜீஸ். அதிலே தொழுகிற மனிதர் படுக்கப் போகிறார். ஆதலால் நிறமும் மணமும் போகும்வரை விடக்கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தும்புத் தடியால் தேய்த்தோம். மூலைகளில் பல வருடச் சாணம் கல்லுப் போல் இறுகியிருந்தது. நனைய நனைய அமோனியா மணம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. யூரியா உடைந்து அமோனியா ஆவதைச் சமன்பாடாக எழுதுவது சுகம். அதன் நடுவில் குந்தியிருந்து தேய்ப்பது வேறு. பிறகு நாலு நாள் வெயிலில் காயவிட்டோம்.

காய்ந்தபின் சுத்தியலால் தரை முழுவதும் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'டங்' என்று பேசியது. மூத்திரம் தேங்கிய மூலைகள் 'டப்' என்று செத்த சத்தம் தந்தன. அப்படி மூன்று இடம். சோக்கால் வட்டம் போட்டு வைத்தேன். அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு வாப்பா மறுநாளே பெட்டியை வெல்டிங் கடைக்கு இழுத்துப் போனார். "இத யாரு தம்பி பாத்து அடையாளம் போட்ட?" என்று கடைக்காரர் கேட்டாராம். "தம்பி இல்ல, மகள்," என்று வாப்பா சொன்னதை உம்மாதான் எனக்குச் சொன்னா. வாப்பா சொல்லமாட்டார்.

உயரத்தில் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. ஆறரையடி வேண்டும் என்றேன் நான். "வைக்கோல் ஏத்தின பெட்டி மாதிரி காத்துக்கு ஆடும். வரம்பு ரோட்டுல குடை சாயும்," என்றார் வாப்பா. பாரம் உயர உயரப் புவியீர்ப்பு மையமும் உயரும் என்பது என் புத்தகத்திலும் இருந்தது. வாதாட முடியவில்லை. தரையிலிருந்து ஐந்தடி என்று முடிவானது. படுக்கை ஒன்றரையடி உயரத்தில் இருந்தால், அதில் குந்தும்போது தலை முட்டாது. ஆனால், ஐந்தடிக்குள் நின்று தொழ முடியாதே?

அதற்கு வழி கண்டவர் வாப்பாதான். பெட்டியின் பின்பலகையைக் கீழே தொங்கவிடாமல், இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு மட்டமாக நிறுத்தினால் ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு திண்ணை வரும். மேலே கூரை இல்லை, வானம்தான். சேறும் படாது. "பெட்டிய வடக்குத் தெற்கா நிப்பாட்டி, மூக்கக் கொஞ்சம் கிழக்கால திருப்பினா, பலக கிப்லாவுக்கு நேரா வரும்," என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அந்தக் கை அசைவைக் கண்டபோதுதான் வாப்பாவும் இரவுகளில் இதை யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

சட்டத்துக்கு ஒரு அங்குலப் பொக்ஸ் பார். படுக்கைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட். மூடப்பட்ட கடையொன்றின் பழைய பெயர்ப் பலகையை மாமா மலிவாக வாங்கி வந்தார். இன்றைக்கும் படுக்கையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பாதி எழுத்துத் தெரியும். கூரைக்குத் தகரம். வெயிலைத் தடுக்க அதன் கீழே றெஜிபோம். கறள் சுரண்டிய இடமெல்லாம் சிவப்பு ஒக்சைட்டுப் பூசினேன். வேலையெல்லாம் சரியாகப் போனது, வளையங்கள் வரும்வரை.

பெட்டியின் உட்பக்கம் சுற்றிவர எட்டு இரும்பு வளையங்கள் உண்டு. மாட்டுக் கயிறு கட்டுகிற வளையங்கள். படுக்கையில் திரும்பினால் முழங்கையில் இடிக்கும் என்று அவற்றை வெட்டி எடுக்கச் சோக்கால் குறித்திருந்தேன். வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தபடி கடைப் பையன் குனிந்தபோது வாப்பா எழும்பி வந்தார்.

"அத வெட்டாத, மகன்."

"இடிக்கும் வாப்பா," என்றேன்.

"இடிச்சா இடிக்கட்டும்." பிறகு ஒரு வளையத்தைப் பிடித்துப் பார்த்தார். "இது செவலையன்ட. மூத்தாப்பாட கையால அடிச்ச வளையம்."

அத்தனை மாதம் வாப்பா ஏன் பதில் சொல்லாமல் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காசும் அல்ல, வெட்கமும் அல்ல. பெட்டி மாட்டுப் பெட்டியாகவே கிடக்கும்வரை, பட்டி எப்போதாவது திரும்பும் என்று ஒரு மூலையில் நம்பலாம். அதற்குள் கட்டிலைப் போட்டுவிட்டால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் கழுவச் சொல்லியிருக்கிறார். நான் பெட்டியைத்தான் அளந்தேன்.

வளையங்களை விட்டோம். படுக்கையை இரண்டங்குலம் உள்ளே தள்ளிப் போட்டேன். நடைபாதை நாலங்குலம் ஒடுங்கியது. நுளம்பு வலையைக் கட்டக் கொக்கி தேடியபோது, அந்த வளையங்களே கைக்கு வந்தன. இப்போது எட்டில் எட்டும் வேலை செய்கின்றன.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அயலவர் எல்லாம் பார்க்க வந்தார்கள். உம்மா பெருமையாகப் பின்பலகையில் ஏறி நின்றா. நானும் உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் நின்றேன். பெட்டியின் முன்மூக்கு மெல்ல ஆகாயம் பார்த்து எழும்பியது. பின்பக்கம் நிலத்தில் குத்தியது. உம்மா வழுக்கிப்போய் மணலில் குந்தினா, நான் உம்மாவின் மடியில். நல்ல வேளை யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு சில்லுப் பெட்டி, உழவு இயந்திரத்தில் கொழுவாமல் நின்றால், அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினதும் சீசோ போலத்தான் நடக்கும். திருப்பம் பற்றிய கணக்குகளைப் பரீட்சைக்காக நூறு செய்திருப்பேன். என்னுடைய பெட்டிக்கு ஒன்றும் செய்து பார்க்கவில்லை. உம்மா எழும்பிப் புடைவையைத் தட்டிக்கொண்டு, "படிச்ச புள்ள!" என்றா. வாப்பா சிரித்த சிரிப்பை நாங்கள் பல வருடத்துக்குப் பிறகு கேட்டோம். மறுநாள் பின்பலகையின் இரு மூலைக்கும் மடிக்கிற கால்கள் வைத்தோம்.

இரண்டாவது பாடம் அதற்கடுத்த கிழமை. பூச்சி, பாம்பு ஒன்றும் நுழையக்கூடாதென்று எல்லா இடுக்கையும் அடைத்திருந்தேன். வளவுக்குள்ளேயே வாப்பாவும் மாமாவும் ஒரு இரவு படுத்துப் பார்த்தார்கள். காலையில் வாப்பா தலையைத் துவட்டிக்கொண்டு இறங்கினார். "வெளியில மழ இல்ல. உள்ளுக்குத்தான்." இரண்டு மனிதர் விடும் மூச்சில் எவ்வளவு நீராவி! போக வழியில்லாமல் இரும்புப் பக்கங்களிலும் சட்டங்களிலும் பட்டுக் குளிர்ந்து துளியாகி விழுந்திருக்கிறது. காக்கா குதிரைப் பெட்டியின் துவாரங்களை ஏன் அடைக்காமல் விட்டார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கூரைக்குக் கீழே இரு பக்கமும் நாலங்குல இடைவெளி விட்டு, நெருக்கமான கம்பி வலை அடித்தோம். அதன்பிறகு மழையில்லை. எத்தனை துவாரம் இருந்தாலும் நுளம்புச் சுருளோ, அடுப்போ உள்ளே எரிக்கக்கூடாதென்று நான் ஒரு சட்டம் போட்டேன். அடைந்த இடத்தில் எரியும் நெருப்பு விடுகிற காபன் ஓரொட்சைட்டுக்கு மணமே கிடையாது. எட்டடி விரியனைப் போல அதுவும் தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும்.

விளக்குக்குப் பழைய 12 வோல்ற் பற்றரி. 5 உவாற்று பல்ப் அதிலிருந்து எடுப்பது அரை அம்பியருக்கும் குறைவு. இரவு பத்து மணித்தியாலம் எரிந்தாலும் 4 அம்பியர் மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். இந்தக் கணக்கு மட்டும் முதல் தடவையே சரிவந்தது.

மற்றச் சட்டங்களெல்லாம் வாப்பாவும் மாமாவும் போட்டவை. பெட்டிக்குள் நெல்லும் உப்பும் அரிசியும் ஒரு பிடிகூட வைக்கக்கூடாது. அந்த மணத்துக்கு யானை சுவரையே உடைக்கும். தகரம் எம்மாத்திரம்? முன்பக்கம் இரண்டாவது கதவு வேண்டும். யானை ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்தால் இறங்கவேண்டும். இரவில் பெட்டி எப்போதும் உழவு இயந்திரத்தில் கொழுவியே நிற்கவேண்டும், முகம் ரோட்டைப் பார்த்து. "பெட்டி பாம்புக்குத்தான், மகள். யானைக்கு இல்ல," என்று மாமா எனக்குச் சொன்னார். "யானைக்கு நாங்க முழிச்சிருக்கிறதுதான்."

இந்தப் பெரும்போகத்தில் பெட்டி வயலுக்குப் போனது. முதல் கிழமை முடிந்து வந்த வாப்பாவிடம் "எப்பிடி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் கிடக்கு," என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. ஒரு இரவு என்னையும் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினேன். பொம்புளப் புள்ளை வயலில் இராத் தங்குவதா என்று யோசித்தார். "நான் கூட வாறன்," என்று உம்மா சொன்னதும் சம்மதித்தார்.

பெப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளி இரவு. இஷாத் தொழுதபின் உம்மாவும் நானும் ஆளுக்கொரு படுக்கையில் வலையைச் செருகிக்கொண்டு படுத்தோம். கம்பி வலையால் வந்த காற்றில் விளைந்த நெல்லின் மணம். வாப்பா உள்ளே வரவேயில்லை. அவரும் மாமாவும் வெளியே நெருப்பு மூட்டிக் குந்தியிருந்தார்கள். காட்டுப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. கண்ட இடமெல்லாம் லைற் அடித்தார்கள். மாமா ஒரு யானை வெடி போட்டார். பக்கத்துக் கண்டங்களிலிருந்தும் கூக்குரல் எழும்பியது. பிறகு எல்லாம் அடங்கியது. அடங்கியபிறகும் வாப்பா படுக்க வரவில்லை. நான் படுக்கையில் கிடந்து யோசித்தேன். கட்டில் செய்வது எனக்குக் கைவந்தது. நித்திரையைச் செய்துகொடுக்க என்னால் ஏலாது. வேளாண்மை வெளியே நிற்கும்வரை, குதிரையைப் போல இவர்களும் நின்றபடியேதான் உறங்கப் பழகியிருக்கிறார்கள்.

மூன்று மணியளவில் உம்மா தஹஜ்ஜுத்துக்கு எழும்பினா. நானும் எழும்பினேன். உம்மா பின்பலகையில் தொழுது முடிய, நான் கீழே இறங்கி லைற்றை வாப்பாவின் கையிலிருந்து வாங்கினேன். அவர் தர யோசித்தார்.

"போடியார், புள்ளையும் நானும் பாக்கிறம். நீங்க போய்க் கொஞ்சம் சரியுங்க," என்றார் மாமா.

வாப்பா கால் கழுவிவிட்டு ஏறினார். படுக்கை கிறீச்சிட்டது. வலை செருகும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்துக்குள் குறட்டை வந்துவிட்டது. மாமா உழவு இயந்திரத்து ஆசனத்திலும் நான் பின்பலகையிலுமாகக் காட்டைப் பார்த்தபடி இருந்தோம். எனக்குப் பயமாகவும் இருந்தது, குளிராகவும் இருந்தது. ஆனால் அந்தக் குறட்டை நிற்கக்கூடாதென்றே இருந்தது. போனில் சுபஹுடைய பாங்கு சொல்ல வைத்திருந்ததை அது ஒலிக்குமுன் நிறுத்தினேன். நேரம் வந்து இன்னும் கொஞ்சம் போகவிட்டேன். பிறகுதான் கூப்பிட்டேன்.

"வாப்பா, சுபஹ் வந்திட்டு."

அவர் எழும்பியதும் முதலில் பார்த்தது வேளாண்மையைத்தான். கதிர் ஒன்றும் சாயவில்லை. பிறகு விரிப்பை உதறிச் சரியாகப் போட்டார். வலையின் ஒரு பக்கத்தை வளையத்தில் தூக்கிச் செருகினார். இறங்கி வந்து மாமாவின் முன்னால் நின்றார்.

"இனி நீங்க போய்ப் படுங்க. விடிய நான் எழுப்புறன்."

மாமா செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினார். வாப்பா வுழூ எடுக்க வாய்க்கால் பக்கம் நடந்தார்.